பதினேழாம் நம்பர் நடந்த கதை

இல்லம்மா, நான் அப்படிச் சொல்லல. எலி சிரிக்கும்னுதான் சொன்னேன், ஜோக் சொல்லும்னு சொல்லல. விலாவுல கிச்சுகிச்சு மூட்டினா சிரிக்கும். அந்தச் சத்தம் நம்ம காதுக்கு எட்டாது, அதுக்குன்னு ஒரு மெஷின் வெச்சாத்தான் கேக்கும். இது நிஜம். பொய்யெல்லாம் இனிமேதான் வரும், அவசரப்படாதீங்க.

சக்கர நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிக்கோங்க தங்கச்சி, வெயில் மூஞ்சில அடிக்குது. ஆங், அப்படித்தான். அவங்க கூப்பிட இன்னும் நேரம் இருக்கு. உள்ள கேமராவெல்லாம் மாட்டிக்கிட்டு இருக்காங்க. இந்த ஊசி போட்டுக்கிற முதல் ஆள் நீங்கதானே? உலகத்துலயே முதல் ஆள். ஃபைல் மேல ஒன்னுன்னு போட்டிருக்கு, பார்த்தேன். வாட்ச்மேன் எனக்கு வேண்டியவன், நேத்தே சொல்லிட்டான். அதான் முழங்கால் வலின்னு ஒரு சீட்டு வாங்கிக்கிட்டு இங்க வந்து உக்காந்திருக்கேன்.

இந்தப் பையா? அது என் மதியச் சாப்பாடு. ஆமா, பிஸ்கட் டின்லதான் எடுத்துட்டு வருவேன். மூடியில ஓட்டையா? சூடா இருக்குல்ல, வேர்த்துடும்.

நானா? இந்தக் கட்டடத்துக்குப் பின்னாடி ஒரு தகரக் கதவு தெரியுதே, ஜன்னலே இல்லாம, அதுக்குள்ள இருபத்திரண்டு வருஷம் இருந்தவன். எலி வீட்டுக்காரன். தீனி போடுறது, கூண்டு கழுவுறது, மரத்தூள் மாத்துறது. அது எல்லாரும் செய்யுற வேலை. என் வேலை வேற. முதுகுத்தண்டு அடிபட்ட எலிக்கு மூத்திரம் தானா போகாது. அடிவயித்துல ரெண்டு விரலை வெச்சு, மாம்பழத்தைக் கனியுதான்னு பாக்குறோம்ல, அந்த அழுத்தம்தான், மெதுவா அழுத்தி விடணும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஞாயித்துக்கிழமையும். விட்டா ரெண்டு நாள்ல செத்துப்போகும். கொஞ்சம் அதிகமா அழுத்தினாலும் செத்துப்போகும். அந்த நடுவுல இருக்கிற அழுத்தம் இருக்கு பாருங்க, அது இந்த ரெண்டு விரலுக்குத்தான் தெரியும். பெரிய படிப்புப் படிச்சவங்கல்லாம் நின்னு வேடிக்கை பாப்பாங்க.

நீங்க சுவர் விளம்பரம் எழுதுறவங்களா? அதான் பாத்தேன், சக்கரத்துல நீலப் பெயிண்ட். எந்த மாடி? மூணா. சாரம் சரிஞ்சுதா, நீங்க வழுக்கினீங்களா? ம்ம். பதினாலு மாசம். என்ன எழுத்துல இருந்தீங்க விழும்போது? கடைசி எழுத்தா! அடப்பாவமே. முடிச்சுட்டு விழக்கூடாதா.

வலது கால் பெருவிரல் மட்டும் அசையுதா? எங்க, காட்டுங்க. கூச்சப்படாதீங்க, நான் ஆயிரம் எலியோட கால்விரலைப் பாத்தவன். ம்... இன்னொரு தடவை. அட, மடங்குதே! நீங்களா மடக்குறீங்களா, துடிப்பா? நீங்களாத்தான். அது சின்ன விஷயம் இல்ல. அந்த விரலை வெச்சு என்ன பண்றீங்க? டி.வி ரிமோட்டா! என் பொண்டாட்டிக்குப் பத்து விரலும் நல்லா இருந்துச்சு, அவகூட ரிமோட்டை என்கிட்டதான் கொடுப்பா.

டாக்டர் படம் போட்டுக் காட்டினாரா? பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளின்னு? புரிஞ்சுதா? எனக்கும் பத்து வருஷம் புரியல. அப்புறம் ஒரு நாள் டீ குடிச்சுக்கிட்டே சொன்னார், டக்குனு பிடிபட்டுச்சு. கைவிரல்ல ஒரு நரம்பு அறுந்தா அது தானா வளரும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், நகத்தை விட வேகம். முதுகுத்தண்டுக்குள்ள அறுந்தா வளராது. வளரத் தெரியாம இல்ல. வளரத்தான் பாக்கும். அறுந்த நுனியில குட்டியா ஒரு கை மாதிரி முளைக்கும், கண்ணைக் கட்டிவிட்டவன் சுவரைத் தடவுற மாதிரி தடவித் தடவிப் போகும். வழியில குப்பை. நரம்பைச் சுத்தி ஒரு கொழுப்பு உறை இருக்கும், அது உடைஞ்சு கிடக்கும். அந்தக் குப்பையில ஒரு மூலக்கூறு இருக்கு, அது நில்லுன்னு கத்தும். இந்தக் கையோட தோல் மேல அதைக் கேக்குறதுக்குன்னே ஒரு காது. காதுல விழுந்ததும் உள்ள ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட சொல்லுவான், அவன் அடுத்தவன்கிட்ட, அவன் பக்கத்து வீட்டுல. தெருவுல யாரோ ஓடிப்போன சேதி பரவுற மாதிரி. கடைசி ஆளுக்குச் சேதி போய்ச் சேரும்போது கை சுருண்டு மடங்கிடும். அதோட சரி. சாகுற வரைக்கும் அங்கயே நிக்கும்.

எங்க டாக்டரோட மருந்து என்ன? அந்தக் காதுல பஞ்சு. கத்துறவன் கத்திக்கிட்டே இருப்பான், இவன் பாட்டுக்கு நடந்து போயிடுவான். அவ்வளவுதான். அழகா இல்ல? நான் சொன்ன பொய்யில ஒன்னுகூட அவ்வளவு அழகா இருந்ததில்ல.

ஆமா, பொய் சொல்றது என் தொழில் மாதிரி. உள்ள என்னை மூட்டைன்னுதான் கூப்பிடுவாங்க. புளுகுமூட்டையில பாதி. டாக்டர் வெச்ச பேரு. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு. மாசம் ஒன்னாம் தேதி நான் ஒரு பொய் சொல்லுவேன். எப்போ, எதைப் பத்தின்னு சொல்ல மாட்டேன், பேச்சோட பேச்சா நுழைச்சு விடுவேன். அவர் கண்டுபிடிச்சா மேசையில மூணு தட்டு. டக் டக் டக். கண்டுபிடிக்கலேன்னா அன்னிக்கு டீயும் பன்னும் அவர் செலவு.

இருபத்திரண்டு வருஷத்துல நான் அந்தப் பன்னைத் தின்னதே இல்ல. என்னவெல்லாம் அளந்தேன்! எட்டாம் கூண்டு எலி தாழ்ப்பாள் திறக்கக் கத்துக்கிச்சு டாக்டர், நான் வெளிய போனதும் நாப்பது எலியையும் திறந்துவிட்டு, ஒரு ஆட்டம் போட்டுட்டு, நான் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் கூண்டுல தள்ளிப் பூட்டிட்டுத் தானும் உள்ள போய் உக்காந்துக்குதுன்னேன். உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டார். பூட்டுற அவசரத்துல எட்டும் ஒன்பதும் கூண்டு மாறிப்போச்சு, அதான்னேன். டக் டக் டக். ஒரு தடவை அவரைக் குழப்புறதுக்குன்னே நாள் பூரா உண்மையை மட்டும் சொன்னேன். சாயங்காலம் வரைக்கும் தட்டவே இல்ல. போகும்போது, இன்னிக்கு என்ன மூட்டை, உடம்பு சரியில்லையான்னு கேட்டார். அப்படிப்பட்ட ஆளு. என் பொய்யை என்னை விட நல்லா அவருக்குத் தெரியும். இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

நல்ல மனுஷன்மா. என் பொண்டாட்டி கடைசியில ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ஒன்பது நாள் நான் வேலைக்கு வரல. ஒன்பது நாளும் என் எலிங்களுக்கு மூத்திரம் அழுத்தி விட்டது யாரு? அவர்தான். அத்தனை பெரிய டாக்டர், சட்டையைச் சுருட்டிக்கிட்டு, காலையும் சாயங்காலமும். ஒன்னு கூடச் சாகல. திரும்பி வந்தப்போ, உன் விரல் அளவுக்கு இல்லை, ஆனா சமாளிச்சேன்னார். நான் எங்க வீட்டுல அழல, எலி வீட்டுல உக்காந்து அழுதேன்.

பை அசையுதா? காத்தும்மா, ஃபேன் காத்து.

சரி, அந்த மாசத்துக்கு வர்றேன். ஒன்றரை வருஷம் ஆச்சு. நீங்க விழுறதுக்கு நாலு மாசம் முன்னாடின்னு வெச்சுக்கோங்க. நாப்பது எலி. இருபதுக்கு மருந்து, இருபதுக்கு வெறும் உப்புத் தண்ணி. எது எதுக்குன்னு பாக்குறவங்களுக்குத் தெரியாது. எட்டு வாரம் ஆச்சு. வாரம் ஒரு தடவை ஒவ்வொன்னையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில விட்டு, நாலு நிமிஷம் பாத்து மார்க் போடணும். அசையவே இல்லேன்னா சைபர், சாதாரண எலி மாதிரி நடந்தா இருபத்தொன்னு. எங்க எலிங்க எல்லாம் ரெண்டு, மூணு. கணுக்கால் லேசா துடிக்கும், அதோட சரி. மருந்து போட்டதும் அதேதான், போடாததும் அதேதான். யோசனை நல்லாத்தான் இருந்துச்சு, எலிதான் நடக்கல.

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிறவங்க ஆள் அனுப்பிச்சு மூடிடலாமான்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. டாக்டர் சாப்பிடுறதில்ல. டீ வெச்சா ஆடை கட்டி அப்படியே இருக்கும். ஒன்னாம் தேதி வந்துச்சு. இந்த மனுஷனை இன்னிக்கு எப்படியாவது சிரிக்க வெச்சிடணும்னு எனக்கு. கூட மார்க் போடுற பொண்ணு ஒன்னு, கண்ணாடின்னு கூப்பிடுவோம், அவளுக்கு அன்னிக்குக் காய்ச்சல். டாக்டர் மட்டும்தான், அப்புறம் கேமரா.

நான் என்ன பண்ணேன்னா, அடிபடாத எலி நாலஞ்சு தனியா வளர்ப்போம், அதுல ஒன்னை எடுத்தேன். அதே வெள்ளை, அதே வயசு. வால்ல கறுப்புப் பேனாவால பதினேழுன்னு எழுதினேன். எல்லா எலிக்கும் வால்ல நம்பர் எழுதுறது நான்தான், நாலு நாளைக்கு ஒரு தடவை அழிஞ்சிடும், திரும்ப எழுதணும். கையெழுத்துல ஒரு வித்தியாசமும் இருக்காது, என் கைதானே. நிஜப் பதினேழை எடுத்து அந்த நல்ல எலியோட கூண்டுல வெச்சுட்டேன். டாக்டர், பதினேழுன்னு சொல்லித் தொட்டியில விட்டேன்.

நடந்துச்சு தங்கச்சி! வீட்டுக்காரன் குடித்தனக்காரன் வீட்டைச் சுத்திப் பாக்க வந்த மாதிரி, ஒரு மூலை விடாம நடந்துச்சு. சுவரைப் பிடிச்சு எழுந்து நின்னுச்சு. நான் உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இப்போ தட்டுவார், இப்போ தட்டுவார். தட்டிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பார் பாருங்க, ரெண்டு மாசமா சிரிக்காத சிரிப்பு.

எழுந்தார். எலியைத் தூக்கினார். இடது கையில வயித்தைத் தாங்கிக்கிட்டு, வலது கட்டை விரலைக் கழுத்துல வெச்சு முதுகோட இறக்கினார். ஆபரேஷன் பண்ண எலிக்கு நடு முதுகுல எலும்பைக் கொஞ்சம் எடுத்திருப்போம். மேல முடி வளர்ந்து மூடிடும், ஆனா விரலை வெச்சா தெரியும், ஒரு பள்ளம், பக்கத்துல தையல் மேடு. அத்தனை எலிக்கும் அந்தப் பள்ளத்தை வெட்டினது அவர் கைதான். அந்தக் கட்டை விரல் அந்த இடத்துக்கு வந்துச்சு. நின்னுச்சு. பள்ளமும் இல்ல, மேடும் இல்ல. திரும்ப ஒரு தடவை மேல போய்க் கீழ வந்துச்சு.

என்னைப் பாத்தார். நான் சிரிக்கத் தயாரா வாயைக்கூடத் திறந்துட்டேன்.

அந்த நல்ல எலியைப் பதினேழாம் கூண்டுலயே விட்டார். குனிஞ்சு தாள்ல மார்க் போட்டார். பதினாலு.

புரியுதா? இருபத்தொன்னு போட்டிருந்தா ஏமாந்துட்டார்னு நினைச்சிருப்பேன். அந்த எலி இருபத்தொன்னு நடந்துச்சு, குழந்தைகூடச் சொல்லும். பதினாலு. இது நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. பெரிய பொய்யா இருந்தா ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கணும் டாக்டர், அப்போதான் தொண்டையில இறங்கும்னு நான்தான் ஒரு நாள் பெருமையா சொன்னேன். என் கத்தரிக்கோலை எடுத்து என் பொய்யையே வெட்டி, தன்னோடதுன்னு எழுதிக்கிட்டார்.

இல்லம்மா, அப்பவே கேக்கல. ஒரு வேளை மெதுவா தட்டுவார்னு சாயங்காலம் வரைக்கும் அந்த மேசைப் பக்கமே சுத்திக்கிட்டு இருந்தேன். அன்னிக்குப் பாத்து டீயும் பன்னும் வந்துச்சு. தட்டுல வெச்சு அவரே கொண்டுவந்து கொடுத்தார். இருபத்திரண்டு வருஷத்துல முதல் பன்னு.

மறுநாள் காலையில அவர் ரூமுக்குப் போனேன். நேத்து தட்ட மறந்துட்டீங்களே டாக்டர்னேன். கம்ப்யூட்டர்லேர்ந்து கண்ணை எடுக்கல. இன்னிக்குத் தேதி ரெண்டு, மூட்டைன்னார்.

அவ்வளவுதான். தேதி ரெண்டு. ஆட்டம் முடிஞ்சுது. ஏன்மா, அவர் என்னைத் திட்டியிருக்கலாம், வேலையை விட்டுத் தூக்கியிருக்கலாம், காலைப் பிடிச்சு வெளிய சொல்லிடாதடான்னு கெஞ்சியிருக்கலாம். எதுவும் பண்ணல. விளையாட்டோட விதியைச் சொன்னார்.

அப்புறம் எல்லாம் தானா நடந்துச்சு. அந்த ஃபிலிம்ல ஒன்பது செகண்ட் மட்டும் வெட்டி எடுத்து எல்லா ஊருக்கும் கொண்டுபோனார். எழுந்து நிக்கிற இடத்துக்கு முன்னாடியே நிறுத்திடுவார். உங்களுக்கும் அதைத்தானே காட்டினாங்க? வெள்ளை எலி, இடமிருந்து வலமா போகும், வால்ல பதினேழு. அழுதீங்களா? எல்லாரும் அழுதாங்க. உள்ள நரம்பு நிஜமாவே வளர்ந்திருக்கான்னு பாக்க, கடைசியில எலியைக் கொன்னு முதுகுத்தண்டைச் சீவி மைக்ராஸ்கோப்புல வைக்கணும். பதினேழோடதை மட்டும் டாக்டர் தனியா பண்ணார். அது இருந்த பாட்டில் கை தவறி உடைஞ்சுடுச்சாம். இருபத்திரண்டு வருஷத்துல அவர் கையிலேர்ந்து ஒரு மூடிகூட விழுந்ததில்ல.

கேளுங்க, நான் சொல்லாம இல்ல. நான் வேலையை விட்டுப் போற அன்னிக்கு ஒரு கூட்டம் வெச்சாங்க. மாலை போட்டார். மைக்கைப் பிடிச்சு, தோள் மேல கையைப் போட்டுக்கிட்டு என்ன சொன்னார் தெரியுமா? எங்க மூட்டை மாதிரி ஒரு கை கிடைக்காது, ஆனா ஒன்னு, அவர் வாயிலேர்ந்து வர்ற எதையும் நம்பிடாதீங்கன்னார். எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிக்கும்போதுதான் உறைச்சுது, வாயில துணியை அடைச்சு, அதுக்கு மேல மாலையைப் போட்டுட்டாருன்னு. கத்துறவன் கத்திக்கிட்டே இருக்கட்டும்னு ஊர்க் காதுல எல்லாம் பஞ்சு. அவர் கண்டுபிடிச்ச மருந்து வேலை செஞ்சது அந்த ஒரு இடத்துலதான்.

ஆராய்ச்சியில தப்பு நடந்தா விசாரிக்கிற கமிட்டிக்குப் போனேன். தலைவர் பொறுமையாத்தான் கேட்டார். கேட்டுட்டு, அந்த எலி நடந்ததோட சரியா, பறக்கலையான்னார். கண்ணாடிகிட்ட சொன்னேன். தாத்தா, நான் இன்னும் படிப்பை முடிக்கலன்னு அழ ஆரம்பிச்சுட்டா. அவளை என்ன சொல்றது.

நீங்க சம்மதப் பேப்பர்ல கையெழுத்துப் போட வேணாம்னு நான் சொல்லல தங்கச்சி. உங்க முதுகு, உங்க பேனா. ஒன்னே ஒன்னு கேளுங்க அவங்ககிட்ட. ஊசி காயத்துக்குள்ளயேதான் போகப்போகுது. அந்தப் பெருவிரலுக்கு ஏதோ நாலஞ்சு நரம்பு அறுபடாம பிழைச்சுக் கிடக்கு பாருங்க, அதுவும் அந்த வழியாத்தான் போகுது. விரல் போச்சுன்னா யாரு பதில் சொல்றதுன்னு கேளுங்க.

ஏன் சிரிக்கிறீங்க?

ஓ.

அவரே சொன்னாரா? எப்போ, இன்னிக்குக் காலையிலயா? வெளிய பெஞ்சுல ஒரு கிழவர் இருப்பார், நல்லா கதை விடுவார், நேரம் போகும், கேட்டுக்கிட்டு இருங்கன்னா? அப்படியேவா சொன்னார், நேரம் போகும்னு?

ம்ம்.

சரியாத்தான் சொல்லியிருக்கார். என்னைப் பத்தி அவருக்குத் தெரியாதது இல்ல. ஒன்னைத் தவிர.

மணி என்ன? பன்னிரண்டா? பத்துக்கே பண்ணியிருக்கணும், பேச்சு சுவாரஸ்யத்துல விட்டுட்டேன். அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க. மெதுவா, மெதுவா, சாய்க்காதீங்க. இல்ல, சாப்பாடு இல்ல. நாப்பதையும் கொன்னாங்க, ஆனா நல்ல எலியோட கூண்டுல இருந்த நிஜப் பதினேழை யாரும் தேடல. அந்த அட்டையில நான் செத்துப்போச்சுன்னு எழுதி, சட்டைக்குள்ள போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன். மத்த எலிங்களுக்கெல்லாம் ரெண்டு வாரத்துல மூத்திரம் தானா போக ஆரம்பிச்சிடும், இது மட்டும் அப்பவும் என் விரலுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்துச்சு. இப்பவும் அதேதான். ஒன்றரை வருஷமா நான் ஒரு கல்யாணம் காட்சிக்குப் போகல.

கடிக்காது. ரொம்ப வயசாச்சு அதுக்கு, என்னை மாதிரி. விரலைக் கொடுங்க. இங்க, முதுகுல, இன்னும் கொஞ்சம் கீழ. பள்ளம் தட்டுப்படுதா? பக்கத்துல மேடு? ஆங். இப்போ பின்னங்காலைப் பாருங்க. மருந்து போட்ட எலிதான் இதுவும்.

கூப்பிடுறாங்க, உங்களைத்தான். வர்றேன்னு சொல்லுங்க, ஒரு நிமிஷம். இதுக்கு அடியில விரிக்கத் துணி எடுத்துட்டு வர மறந்துட்டேன். உங்க மடியில இருக்கே அந்தப் பேப்பர், இன்னும் கையெழுத்துப் போடலதானே? உங்களுக்கு வேணாம்னா கொடுங்களேன்.